நில் என்ற வேகத்தில் நிற்கும் காற்று

திரையில் 25.0 என்று இருக்கிறது. விநாடிக்கு 25 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவ்வளவு வேகக் காற்றில் ஒரு மர இறக்கை நிற்கிறது. மாணவர் ஒருவர் கைப்பிடியைத் திருகி அதன் மூக்கைத் தூக்குகிறார். 8 டிகிரி, 10, 12. இறக்கையின் முதுகில் ஒட்டியிருக்கும் நூல் துண்டுகள் துடிக்க ஆரம்பிக்கின்றன. 14-ல் அவை தாறுமாறாகச் சுழன்று முன்பக்கம் பார்த்துத் திரும்புகின்றன. காற்று இறக்கையை விட்டு விலகிவிட்டது, இழுவை பல மடங்கு ஏறிவிட்டது. உள்ளே இவ்வளவு அமர்க்களம் நடக்கும்போது திரையில் 24.8 தெரிகிறது, பிறகு 24.9, பிறகு மறுபடி 25.0. சில விநாடிகள்தான். யாரும் எதையும் தொடவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் ஓர் இழை ஏறியிருக்கிறது.

காற்றுச் சுரங்கத்தில் வேகத்தைத் தானாகப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. விமானம் பற்றி எழுதுகிறவர்கள் இறக்கையை எழுதுவார்கள், இன்ஜினை எழுதுவார்கள். அந்த இறக்கையைச் சோதித்த காற்று சொன்ன இடத்தில் நின்றதா, அதை யார் நிறுத்தினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறையை நான் இங்கே ஆசை தீரத் தீர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது சிறிய சுரங்கம்தான். சோதனை அறையின் குறுக்களவு 60-க்கு 60 சென்டிமீட்டர். முன்னால் அகன்ற வாய், அதற்குள் காற்றின் சுழற்சியை நேராக்கும் தேன்கூட்டு அடைப்பும் கம்பி வலைகளும், அடுத்து 9-க்கு 1 என்ற அளவில் குறுகும் பகுதி, பிறகு கண்ணாடி வைத்த சோதனை அறை, பிறகு மெல்ல மெல்ல விரியும் நீண்ட குழாய், கடைக்கோடியில் ஃபேன். காற்றைத் தள்ளுகிற வகை அல்ல, உறிஞ்சுகிற வகை. வானூர்திப் பொறியியல் நடத்தும் பல கல்லூரிகளில் இப்படி ஒன்றைப் பார்க்கலாம்.

தானியங்கி வருவதற்கு முன்பு சோதனை எப்படி நடக்கும் என்பதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். ஃபேன் மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டியின் குமிழில் ஒருவர் கை. சாய்வு மானோமீட்டரின் தண்ணீர் மட்டத்தில் இன்னொருவர் கண். ஃபேன் இரைச்சலுக்கு மேல் குரல் கொடுக்க வேண்டும். “ஏத்துங்கண்ணா... இன்னும் ஏத்துங்க... போதும், போதும். தாண்டிருச்சு, கொஞ்சம் இறக்குங்க.” தண்ணீர் ஆடி நிற்கக் காத்திருக்க வேண்டும். நின்றதும், இறக்கையின் விசையை அளக்கும் தராசின் எண்களைக் குறிக்க வேண்டும். அடுத்த கோணத்துக்கு இறக்கையைத் திருப்பியதுமே வேகம் நழுவும், மறுபடி முதலிலிருந்து “ஏத்துங்கண்ணா.” பக்கத்துக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் போட்டால் மின்னழுத்தம் தாழும், காற்றும் தாழும். ஒரு பிரிவேளை முடியும்போது மாணவர்களுக்கு நினைவில் நிற்பது தண்ணீர் மட்டம்தான். இறக்கையை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அதற்காக மானோமீட்டரை மட்டமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. வேகத்தைப் பற்றிய முதல் உண்மையைக் கண்ணுக்கு நேரே காட்டுவது அதுதான். வெப்பமான ஒரு நாளில், விநாடிக்கு 25 மீட்டரில் வரும் காற்றை ஒரு துளையின் வாயில் தடுத்து நிறுத்தினால், சுற்றியுள்ள அழுத்தத்தைவிடச் சுமார் 358 பாஸ்கல் கூடுதலாக எழும்பும். தண்ணீர்க் கணக்கில் 36 மில்லிமீட்டர் சொச்சம். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றின் மொத்த மிடுக்கும் இரண்டு விரற்கடை தண்ணீருக்குள் அடங்கிவிடுகிறது! வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதிக்கு வராது, காலுக்கு வந்துவிடும்: 9 மில்லிமீட்டர். விநாடிக்கு 5 மீட்டருக்குப் போனால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிச்சம். தடுத்த நீர் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்து ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் இந்த வழியை 1732-ல் பாரிஸில் சேன் நதியில் செய்து காட்டியவர் அன்ரி பீட்டோ. அவர் பெயரில்தான் இன்றும் பீட்டோ குழாய், விமானங்களிலும்.

ஆனால் சோதனை நடக்கும்போது பீட்டோ குழாயை இறக்கைக்கு முன்னால் நீட்டி வைக்க முடியாது. அதன் நிழல் இறக்கைமேல் விழும். இறக்கையின் அழுத்தம் அதன்மேல் விழும். சுரங்கக்காரர்கள் கண்ட வழி அழகானது. குறுகும் பகுதிக்கு முன்னால் சுவரில் சில சிறு துளைகள், குறுகி முடிந்த இடத்தில் சில துளைகள். இரண்டுக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். சோதனை அறையில் 25 என்றால் அகன்ற பகுதியில் காற்று விநாடிக்கு 2.8 மீட்டரில் நடைபோட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அந்த வித்தியாசம் நமக்கு வேண்டிய அழுத்தத்தில் ஏறக்குறைய 99 சதவீதம். மிச்சத்தை, அறை காலியாக இருக்கும்போது பீட்டோ குழாய் வைத்து ஒரு தரம் ஒப்பிட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காற்றுக்குள் எதையும் நீட்டாமல் காற்றை அளந்தாயிற்று.

அந்த இரண்டு இடங்களிலிருந்தும் மெல்லிய குழாய்கள் ஓர் அழுத்த வித்தியாச சென்சாருக்குப் போகின்றன. சென்சார் அதை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக்கி கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. கன்ட்ரோலர் நாம் கேட்ட வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஃபேன் மோட்டாரை ஓட்டும் டிரைவுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று சொல்கிறது. டிரைவ் மோட்டாரின் சுற்றைப் பார்த்துக்கொள்ளும். கன்ட்ரோலர் காற்றைப் பார்த்துக்கொள்ளும். உள்ளே விரைவான ஒரு வளையம், வெளியே நிதானமான ஒரு வளையம். தங்கள் தங்கள் வேலையைத் தவிர வேறெதிலும் இரண்டும் தலையிடுவதில்லை.

கன்ட்ரோலருக்குள் இருப்பது பிஐடி. மூன்று விதமாக யோசிக்கிற கணக்கு அது. இப்போது எவ்வளவு பிழை என்று பார்த்து உடனே ஒரு திருத்தம். இதுவரை தீராமல் தேங்கிய பிழை எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து இன்னொரு திருத்தம். பிழை எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று பார்த்து முன்கூட்டியே ஒரு திருத்தம். இதைக் கணிதமாக முதலில் எழுதியவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922-ல். கப்பல்களில் சுக்கான் பிடிக்கும் தேர்ந்த கைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கவனித்து எழுதினார். அமெரிக்கக் கடற்படையின் நியூ மெக்சிகோ போர்க்கப்பலில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கடலில் கப்பலைக் கோட்டில் நிறுத்திய அதே கணக்கு இன்று என் ஆய்வகத்தில் காற்றைக் கோட்டில் நிறுத்துகிறது என்று நினைத்தாலே எனக்கு அந்தச் சின்னப் பெட்டியைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சென்சார் தருவது அழுத்தம். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஃபேன் சுற்றோ வேகத்தோடு நேராக ஏறும். கன்ட்ரோலரிடம் அழுத்தத்தை அப்படியே கொடுத்தால், குறைந்த வேகத்தில் அது தூங்கி வழியும், கூடிய வேகத்தில் அதே கணக்கு துள்ளிக் குதிக்கும். 10-ல் நன்றாக நடந்த சுரங்கம் 35-ல் ஊஞ்சலாடும். தீர்வு ஒரே வரிதான்: சென்சார் எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துக் கொடு. இப்போது உள்ளே வருவதும் வேகம், வெளியே போவதும் வேகத்துக்கு நேரான சுற்று. ஒரே அமைப்பு, கீழிருந்து மேல்வரை ஒரே சீராக நடக்கிறது. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, வேகத்தை 10, 15, 20, 25, 30 என்று படிப்படியாக ஏற்றிப் பார்த்தபோது, ஒவ்வொரு படியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் திரையில் விழுந்தது. அந்த வரைபடத்தை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வர்க்கமூலத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஃபேன் நிற்கிறது, காற்றே இல்லை; சென்சாரின் பூஜ்யம் வெறும் 1 பாஸ்கல் நகர்ந்திருந்தால் திரை விநாடிக்கு 1.3 மீட்டர் காற்று வீசுவதாகச் சொல்லும்! அதே 1 பாஸ்கல் பிழை 25 மீட்டர் வேகத்தில் 0.04-ஐக்கூடத் தொடாது. அதனால்தான் தொடங்குவதற்கு முன் இரண்டு குழாய்களையும் இணைத்துப் பூஜ்யம் சரிபார்ப்பது எங்கள் ஆய்வகத்தில் விளக்கேற்றுவதற்குச் சமம்.

இறங்குமுகத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். வேகத்தை ஏற்றுவது மோட்டாரின் பலத்தில் நடக்கும். இறக்குவது அப்படியல்ல. கனமான ஃபேன் சுழன்றுகொண்டே இருக்கும். டிரைவ் அதை அவசரமாகப் பிடித்து இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும், டிரைவ் ட்ரிப் ஆகும். ஆகவே தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும் பழக்கமே கூடாது. கேட்ட வேகத்தைக் கீழிருந்து மெல்லத் தொட வேண்டும். 1942-ல் சீக்லரும் நிக்கல்ஸும் தந்த புகழ்பெற்ற அமைப்பு விதிகளை அப்படியே போட்டால் காற்று நாலைந்து முறை ஆடிவிட்டுத்தான் அடங்கும். ரசாயன ஆலைக்கு அது சரியாக இருக்கலாம். தராசில் இறக்கை தொங்கும் சுரங்கத்துக்குச் சரிப்படாது, இன்னும் மென்மையாக வைக்க வேண்டும். அதேபோல, ஃபேன் தன் உச்சத்தை எட்டிவிட்ட பிறகும் பிழையைக் கூட்டிக்கொண்டே போனால், பிறகு வேகத்தைக் குறைக்கச் சொன்னாலும் கன்ட்ரோலர் வெகுநேரம் காது கொடுக்காது. உச்சத்தைத் தொட்டதும் கூட்டலை நிறுத்து என்று ஒரு நிபந்தனை சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லையும் போயிற்று.

இப்போது அந்த 14 டிகிரி இறக்கைக்கு வருகிறேன், விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சுற்று மாறாமல் ஃபேனை ஓட்டினால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. இறக்கை ஓட்டத்தை இழந்ததும் சுரங்கத்துக்குள் தடை கூடும். ஃபேன் அதே சுற்றில் சுற்றும். காற்று மட்டும் 25-லிருந்து 24.4-க்கு இறங்கும். வேகத்தில் சொற்பம்தான். ஆனால் தூக்குவிசையைத் தீர்மானிப்பது வேகத்தின் இருமடி; அங்கே கிட்டத்தட்ட 5 சதவீதம் காணாமல் போகும். இறக்கை தூக்குவிசையை இழப்பதும் காற்று இளைப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால், எது எவ்வளவு என்று பிரிக்காமல் வரைந்தால் வீழ்ச்சி உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும். கன்ட்ரோலர் அழுத்தத்தை நிறுத்திப் பிடித்தால் அந்தக் கலப்படமே இல்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர்போல அது ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்க, இறக்கை தன் ராகத்தை முழுதாக வாசித்துக் காட்டுகிறது.

அதோடு நிற்கவில்லை. 25-ஐக் காப்பாற்ற கன்ட்ரோலர் என்ன செய்தது என்று பாருங்கள். கோணம் சிறிதாக இருந்தபோது டிரைவ் 31.2 ஹெர்ட்ஸில் இருந்தது; இறக்கை ஓட்டத்தை இழந்ததும் 32-க்கு வந்துவிட்டது. அந்த 0.8 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? இறக்கையின் இழுவைதான் கேட்டு வாங்கியிருக்கிறது! கோணத்துக்கு எதிராக ஹெர்ட்ஸை வரைந்தால் இழுவைக் கோட்டின் சாயல் அப்படியே தெரிகிறது. தராசு தரும் துல்லியம் அதில் கிடையாது. ஆனால் தராசே இல்லாத ஓரிடத்திலிருந்து, சுரங்கத்தின் மறுகோடியில் உள்ள மோட்டாரிலிருந்து, இறக்கையின் சேதி வருகிறதே! இதை முதன்முதலில் திரையில் கண்டபோது அங்கே இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். “சார், ஃபேனுக்கே தெரிஞ்சுருக்கு சார்!” என்றாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பாடப்புத்தகம் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

வெயிலையும் இந்த ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. காலையில் 24 டிகிரி, பிற்பகலில் 36 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 4 சதவீதம் இளைத்துவிடும். அழுத்தத்தை நிலையாக வைக்கச் சொன்னால் கன்ட்ரோலர் வேகத்தைச் சத்தமில்லாமல் 2 சதவீதம் ஏற்றி ஈடுகட்டும். காலையில் எடுத்த புள்ளியும் மாலையில் எடுத்த புள்ளியும் ஒரே கோட்டில் உட்காரும். விசையை அளக்கிறவர்களுக்கு அழுத்தம் நிற்க வேண்டும். காற்றுவேகமானியைச் சரிபார்க்கிறவர்களுக்கோ வேகமே நிற்க வேண்டும். அவர்களுக்கு வெப்பநிலையையும் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டு அடர்த்தியைக் கணக்கிட்டு வேகத்தைப் பிடித்துக் கொடுக்கும். எது வேண்டும் என்பது ஒரு பொத்தான் சங்கதி.

ரைட் சகோதரர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1901 இலையுதிர் காலத்தில் டேட்டனில், தங்கள் சைக்கிள் கடையில், 6 அடி நீளமுள்ள மரப்பெட்டியில் இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கருவி எதுவும் அவர்களிடம் கிடையாது. அறைக்குள் ஆள் இடம் மாறி நின்றாலே காற்று மாறும் என்று தெரிந்து ஒரே இடத்தில் நின்று பார்த்தார்கள். அதைவிட மேலாக, சைக்கிள் கம்பியாலும் ரம்பத் தகட்டாலும் செய்த தராசில், இறக்கையின் தூக்குவிசையை அதே காற்றை வாங்கும் தட்டைப் பட்டிகளின் தடையோடு நேருக்கு நேர் மோதவிட்டார்கள். காற்று கூடினால் இரண்டும் கூடும், குறைந்தால் இரண்டும் குறையும், விகிதம் அசையாது. காற்றை நிறுத்த முடியாத காலத்தில் காற்றின் மாற்றத்தையே விடையிலிருந்து கழித்துவிட்ட அந்த மூளைக்கு எத்தனை வணக்கம் சொன்னாலும் தகும்.

பெரிய சுரங்கங்களில் இந்தக் கலை வேறு உருவம் எடுக்கிறது. கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் வளாகத்தில், 40-க்கு 80 அடி, 80-க்கு 120 அடி என்று இரண்டு சோதனை அறைகள் கொண்ட சுரங்கம் இருக்கிறது; ஆறு ஃபேன்கள், ஒவ்வொன்றும் 40 அடி விட்டம். அவ்வளவு பாரத்தை நினைத்தபோதெல்லாம் வேகமாகவும் மெதுவாகவும் சுற்றவைப்பது லேசான காரியமல்ல. அதனால் நிமிடத்துக்கு 180 சுற்று என்று ஓடவிட்டு, அலகுகளின் கோணத்தைத் திருப்பிக் காற்றின் வேகத்தை மாற்றுகிறார்கள். சுற்று அசையாமல் காற்று மட்டும் ஏறி இறங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் சுரங்கம் 1967 முதல் ஓடுகிறது. அங்கே காற்றை ஓட்டுவது தொட்டிகளில் அழுத்தி அடைத்துவைத்த காற்று. வால்வைத் திறந்ததும் பாயும், பாயப் பாயத் தொட்டி வடியும். ஆனால் இறக்கைக்கு வரும் அழுத்தம் வடியக் கூடாது. தொட்டி இறங்க இறங்க வால்வைச் சரியான அளவு திறந்துகொண்டே போக வேண்டும், அதுவும் சொற்ப நேரத்துக்குள். விநாடிக்குள் முடிவெடுக்கும் அந்த வேலைக்கு மனிதக் கை ஆகவே ஆகாது. திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2022 டிசம்பரில் தொடங்கிய புதிய சுரங்கமும் இந்தக் குடும்பம்தான்: சுமார் 160 மீட்டர் நீளம், ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை. நம் ராக்கெட்டுகளின் மூக்குக் கூம்புகள் அங்கே வாங்கும் காற்றையும் ஒரு வால்வுதான் அளந்து கொடுக்கிறது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கல்லூரிகளில் பழைய சுரங்கம் வைத்திருப்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: அடுத்த நிதி வரும்போது வேறெதையும் வாங்குவதற்கு முன்னால் வேகத்தைத் தானாக நிறுத்தும் இந்த ஏற்பாட்டை மாட்டுங்கள். ஃபேனை மாற்ற வேண்டாம், சுரங்கத்தைத் தொட வேண்டாம். நல்ல சென்சார் ஒன்று, கன்ட்ரோலர் ஒன்று, டிரைவிலிருந்து தள்ளிக் கொண்டுபோன கவசம் போட்ட கம்பி. கவசத்தை விட்டுவிடாதீர்கள், டிரைவின் மின் இரைச்சல் சென்சார் கம்பியில் ஏறினால் எண் நடுங்கும். குழாய்களை முடிந்தவரை குட்டையாக வையுங்கள், நீளம் கூடினால் சேதி தாமதிக்கும்.

எங்கள் சுரங்கத்தில் இப்போது வேகத்தை நிறுத்துவதோடு நிற்காமல், நாங்கள் வரைந்து கொடுக்கும் கோட்டின்படி அதை ஏற்றி இறக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அரை நிமிடத்தில் 15-லிருந்து 25, மறு அரை நிமிடத்தில் திரும்ப 15 என்று அலையாகக் கேட்டால் கோட்டின்மேல் கோடாக வருகிறது. அலையைச் சுருக்கச் சுருக்க ஃபேனின் பாரம் முரண்டுபிடிக்கிறது, இறங்குமுகம் பின்தங்குகிறது. மோட்டார் திருப்பித் தள்ளும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள டிரைவுக்கு ஒரு பிரேக் ரெசிஸ்டர் மாட்டினால் அந்த இறங்குமுகமும் வழிக்கு வரும். ஆர்டர் போட்டாயிற்று.